நெல் தின்னும் குருவியும் பழி சுமக்கும் குருவியும்

ஐப்பசி மழை விழுந்து காலபோக விதைப்பு முடிந்ததும் நம்மிடையே ஒரு பேச்சு எழுவது வழக்கம். "வாடைக்காற்றோடு குருவியும் வந்துவிட்டது, இந்த முறையும் கதிரை மிச்சம் விடாது" என்பதே அந்தப் பேச்சு. தை பிறந்து நெல் பால்பிடிக்கும் வேளையில் அது கோபமாக மாறுகின்றது. வரம்பில் நிற்கும் குருவி, கம்பியில் இருக்கும் குருவி, சேற்றில் ஓடும் குருவி என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாவற்றுக்கும் ஒரே பெயரும் ஒரே தண்டனையும் கிடைக்கின்றன. சிலர் கல்லெறிகிறார்கள். சிலர் வலை கட்டுகிறார்கள். ஆங்காங்கே நஞ்சு கலந்த நெல்லை வரம்பில் தூவுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதுபற்றி நமது கருத்தைத் தெளிவாகச் சொல்ல விரும்புகின்றோம். வாடைக்காற்றோடு நம் அயலுக்கு வரும் சிறு குருவிகளுள் மிகப் பெரும்பாலானவை நெல்லைத் தொடுவதே இல்லை. நெல்லைத் தின்பவை ஆண்டு முழுவதும் நம்மோடு வாழ்கின்ற உள்ளூர்க் குருவிகள். இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்து அறியாதவரை நாம் எடுக்கும் நடவடிக்கை எதுவும் பயன் தராது. பல வேளைகளில் நமக்கே தீங்காக முடியும்.

செய்தவர் யார் என்று பாராமல் வந்தவர்மேல் பழி போடுவது எப்படிப்பட்டது என்பதை இடம்பெயர்ந்த நம்மைவிட அறிந்தவர் யார்? போன இடத்தில் கிணறு வற்றினாலும், விறகு குறைந்தாலும், வளவில் கோழி காணாமற் போனாலும், "வந்தவர்கள்" என்ற சொல்தான் முதலில் எழுந்தது. அதை அனுபவித்த நாம், ஒரு சிறு பறவை விடயத்திலேனும் ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லப் பழகவேண்டும்.

சொண்டைப் பாருங்கள்

குருவியை இனங்காணப் பெரிய படிப்போ தூரக்கண்ணாடியோ வேண்டியதில்லை. முதலில் சொண்டைப் பார்த்தால் போதும். பறவையின் சொண்டு அதன் தொழிற்கருவி. மண்வெட்டியைக் கண்டால் மண்வேலை என்றும் உளியைக் கண்டால் தச்சுவேலை என்றும் நாம் சொல்லிவிடுவதில்லையா? அதைப்போலத்தான்.

அடியில் பருத்து, நுனியில் ஒடுங்கி, கூம்புபோல் கட்டையாக இருக்கும் சொண்டு விதை உடைக்கும் சொண்டு. உமியை நீக்கி அரிசியை எடுக்க அந்தப் பலம் வேண்டும். மெல்லியதாக, ஊசிபோலவோ சற்று வளைந்தோ நீண்டிருக்கும் சொண்டு பூச்சி பிடிக்கும் சொண்டு. அதனால் ஒரு நெல்மணியைக்கூட உடைக்க முடியாது. நுனியில் சிறு கொக்கிபோல் வளைந்த தடித்த சொண்டு தத்துவெட்டி, ஓணான் போன்றவற்றைப் பிடித்துக் கிழிக்கும் சொண்டு. சிறிதாக இருந்தாலும் வாயை அகலத் திறந்து பறந்தபடியே பூச்சி பிடிப்பவையும் உண்டு.

சொண்டுக்கு அடுத்ததாகப் பறவையின் நடத்தையைப் பார்க்கவேண்டும். நெருங்கிய கூட்டமாக வந்து கதிரின்மேல் தொற்றி, தாள் வளைய இருந்து கொத்துகின்றதா? தனித்து ஓரிடத்தில் இருந்து பறந்து பறந்து திரும்புகின்றதா? தரையில் ஓடி ஓடிப் பொறுக்குகின்றதா? மூன்றாவதாக நிறத்தைப் பார்க்கலாம். நம்மவர் பலர் நிறத்தை முதலில் பார்ப்பதாலேயே குழப்பம் வருகின்றது. குஞ்சுப் பருவத்திலும், இனப்பெருக்கம் இல்லாத காலத்திலும் பல குருவிகள் ஒரே மண்ணிறத்தில் இருக்கும். ஆனால் சொண்டின் அமைப்பு ஏமாற்றாது.

விதை தின்னும் நம்மூர்க் குருவிகள்

நெல்வயலில் கூட்டமாக விழுபவற்றுள் முக்கியமானவை சில்லைகள். தினைக்குருவி, நெல்லுக்குருவி என்று நம் ஊர்களில் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். பெயர் ஊருக்கு ஊர் மாறலாம். இலங்கையில் இவற்றில் ஐந்து வகை உண்டு. அவற்றுள் ஒன்று மலைநாட்டுக்கு உரியது. மற்ற நான்கையும் வரண்ட வலயத்தில் காணலாம்.

புள்ளிச் சில்லைக்கு முதுகு கபில நிறம், தொண்டை கடும் கபிலம். வெள்ளை மார்பிலும் வயிற்றிலும் மீன் செதில் போன்ற கோடுகள் இருக்கும். குஞ்சுகளுக்கு அந்தச் செதில் கிடையாது. வெறும் வெளிறிய மண்ணிறம்தான்.

கருந்தலைச் சில்லையைக் கண்டால் மறக்கமுடியாது. தலை கறுப்பு, முதுகு செங்கபிலம், கீழ்ப்பக்கம் வெள்ளை, வயிற்றின் நடுவே மீண்டும் கறுப்பு. சொண்டு வெளிறிய நீலச் சாம்பல் நிறம். நாணலும் கோரையும் உள்ள குளக்கரைகளையும் அவற்றை அடுத்த வயல்களையும் அது விரும்பும்.

வெண்முதுகுச் சில்லை ஏறக்குறையக் கறுப்பு நிறமானது. பறக்கும்போது வாலுக்கு மேலே ஒரு வெள்ளைப் பட்டை பளிச்செனத் தெரியும். வயிறும் வெள்ளையாக இருக்கும். மரஞ்செடி உள்ள வளவு ஓரங்களிலும் காட்டோரங்களிலும் திரியும்.

வெண்தொண்டைச் சில்லை வரண்ட பற்றை நிலத்துக்கு உரியது. மேலே வெளிறிய மண்ணிறம், கீழே வெண்மை. வால் கறுத்துக் கூராக நீண்டிருக்கும். சொண்டு வெள்ளிபோன்ற சாம்பல் நிறம். வடக்கின் கரையோரப் பற்றைகளில் இதைக் காணலாம்.

சில்லைகளோடு தூக்கணாங்குருவியையும் சேர்க்கவேண்டும். கூடு கட்டும் காலத்தில் ஆண் பறவையின் தலை மஞ்சளாக இருப்பதால் எவரும் அறிவர். மற்றக் காலங்களில் ஆணும் பெண்ணும் ஊர்க்குருவியைப்போல் கோடுபோட்ட மண்ணிறத்தில் இருப்பதால் அடையாளம் தவறிவிடுகின்றது. ஊர்க்குருவியும் கதிரைக் கொத்துவது உண்டு. ஆயினும் இந்த இரண்டும் தம் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் புழுக்களையும் ஊட்டுகின்றன என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஒரு பருவத்தில் எடுப்பவை இன்னொரு பருவத்தில் கொடுக்கின்றன.

இவை எவையும் வாடையோடு வந்தவை அல்ல. கோடையிலும் நம் வேலிகளிலும் வடலிகளிலும் இருந்தவையே. காலபோகத்தில் நெல் விளைவதால் அப்போது ஒன்றாகக் கூடி நம் கண்ணில் படுகின்றன.

வாடையோடு வரும் விருந்தாளிகள்

இனி உண்மையாகவே வெளியிலிருந்து வருபவற்றைப் பார்ப்போம். வடக்கே ஆசியாவின் குளிர்நாடுகளில் பனி தொடங்கும்போது அங்கு பூச்சி அற்றுப்போகின்றது. ஆகவே பறவைகள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. இந்தியாவைக் கடந்து இலங்கைக்கு வருபவை இதற்கு அப்பால் போக நிலமில்லை. நமக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை கடலே. ஆவணி, புரட்டாதி முதல் இவை வரத் தொடங்கும். சித்திரையில், சோளகம் பலப்படும் முன்னரே, பெரும்பாலும் திரும்பிவிடும்.

வாலாட்டிக் குருவியை எடுத்துக்கொள்வோம். உழுத சேற்றில் ஓடி ஓடி, வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு எதையோ பொறுக்கும். சிலவற்றின் வயிறு மஞ்சளாக இருக்கும். "விதைநெல்லைப் பொறுக்குகின்றது" என்று இதன்மேல் குற்றம் சுமத்துவோர் உண்டு. அதன் சொண்டைப் பாருங்கள், ஊசி போன்றது. அது பொறுக்குவது சேற்றுப் புழுவையும் சிறு பூச்சியையும்தான்.

மின்கம்பியில் வரிசையாக இருக்கும் தகைவிலான் குருவி சுமார் 20 கிராம் நிறைதான் இருக்கும். மேலே நீலக் கறுப்பு, தொண்டை செங்கபிலம், வால் கவைபோல் பிளந்திருக்கும். வயலுக்கு மேலே இங்குமங்கும் வீசிப் பறப்பது பறக்கும் பூச்சிகளைப் பிடிப்பதற்காகவே. தரையில் இறங்குவதே அரிது. நெல்லை அது தின்றதாக எவரும் காட்டமுடியாது.

நீலவால் பஞ்சுருட்டான் பச்சை உடலும் நீல வாலும் கறுத்து வளைந்த நீண்ட சொண்டும் உடையது. தும்பியையும் தேனீயையும் குளவியையும் பறந்து பிடித்து, திரும்பிவந்து கம்பியில் அடித்துத் தின்னும். தேனீ வளர்ப்போருக்கு இதனால் சிறிது இடைஞ்சல் உண்டு. நெல் செய்வோருக்கு இல்லை.

மண்ணிறக் கீச்சான் கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை கட்டியதுபோல் இருக்கும். வேலிக் கதியாலின் நுனியில் தனியே இருந்து கரகரத்த குரலில் கத்தும். சைபீரியா, மொங்கோலியாப் பக்கங்களில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கு வருவது. தத்துவெட்டி அதன் முக்கிய உணவு.

மாலை மங்கும் வேளையில் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும் ஆறுமணிக் குருவியும் இமயமலை அடிவாரம் போன்ற இடங்களிலிருந்து வரும் விருந்தாளிதான். பச்சை முதுகும் நீலத் தோளும் செவ்வயிறும் கொண்டது. வளவின் சருகைக் கிளறிப் புழு தின்னும். வயற்சேற்றில் நீண்ட சொண்டைக் குத்தி மண்புழு எடுக்கும் உள்ளானும் அவ்வாறே.

இதில் விதிவிலக்கும் உண்டு. அதை மறைக்கக்கூடாது. வெளியிலிருந்து வரும் காட்டுத்தாராக்களுள் சில இரவில் வயலில் இறங்கி மேய்வது உண்டு. சில ஆண்டுகளில் மட்டும் பெருங்கூட்டமாக வரும் சூறைக்குருவி தானியத்தையும் பழத்தையும் தின்னும். அது மைனா இனம். தலையும் செட்டையும் கறுப்பு, உடல் வெளிறிய இளஞ்சிவப்பு. ஆனால் அதே சூறைக்குருவி தன் சொந்த நாட்டில் வெட்டுக்கிளியைத் தின்று பயிரைக் காப்பதால், சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் அது கூடு கட்டுவதற்கென்றே கற்குவியல்கள் அமைத்துக் கொடுத்திருக்கின்றார்கள்.

விதை எங்கேயோ குருவி அங்கே

திரும்பிச் சென்று முதன்முதலாக விதைத்த குடும்பங்கள் ஒரு முறைப்பாட்டைச் சொல்கின்றன. "முந்தி இவ்வளவு குருவி இல்லை, இப்போது பெருகிவிட்டது" என்கிறார்கள். இது பொய்யான முறைப்பாடு அல்ல. ஆனால் இதன் காரணத்தைச் சரியாக விளங்கிக்கொள்ளவேண்டும். அதற்கு ஒரு தூரநாட்டு உதாரணம் உதவும்.

நம் உறவினர் பலர் குடியேறியிருக்கும் கனடாவில், ரொறன்ரோ போன்ற நகரங்களில், மாரிகாலத்தில் வீட்டுப் பின்வளவுகளுக்குச் சில விதை தின்னும் குருவிகள் வருகின்றன. அவற்றை அங்கு பிஞ்ச் என்பார்கள். சிவந்த நெற்றியுள்ள ரெட்போல், மஞ்சள் தீற்றும் கோடும் உள்ள சிஸ்கின், சொண்டு நுனிகள் கத்தரிபோல் குறுக்கிட்டிருக்கும் குறுக்குச்சொண்டன் என்பன அவற்றுட் சில. நமது சில்லைகள் வேறு குடும்பத்தவை. எனினும் உணவாலும் கூம்புச் சொண்டாலும் ஒத்தவை.

இக்குருவிகள் ஒவ்வோர் ஆண்டும் ஒரே அளவில் தெற்கே வருவதில்லை. வடக்கே உள்ள ஊசியிலைக் காடுகளிலும் பேர்ச் மரங்களிலும் விதை நன்றாக விளைந்தால் அங்கேயே தங்கிவிடும். விளைச்சல் பொய்த்த ஆண்டில் கூட்டம் கூட்டமாகத் தெற்கே இறங்கும். ஒன்ராறியோ மாகாணத்தில் ரொன் பிற்றவே என்பவர் 1999 முதல் பல ஆண்டுகளாக, மரங்களின் விளைச்சலை விசாரித்து, "இந்த மாரியில் இன்ன குருவி வரும், இன்ன குருவி வராது" என்று முன்கூட்டியே எழுதிவந்தார். பின்னர் வேறொருவர் அப்பணியைத் தொடர்ந்தார். விதையின் நிலையை அறிந்தவர் குருவியின் போக்கை அறிவார் என்பதே இதன் அடிப்படை.

இதே அளவுகோலால் நம் வயலைப் பார்ப்போம். 1990, 1995, 2009 என்று மாறி மாறி நாம் விட்டுவந்த காணிகள் ஆண்டுக்கணக்கில் தரிசாகக் கிடந்தன. அங்கே புல்லும் கோரையும் பற்றையும் வளர்ந்தன. புல்விதையே சில்லையின் அன்றாட உணவு. பற்றை அதன் கூட்டுக்கு இடம். மனிதர் இல்லாத இடத்தில் அவை நன்றாக வாழ்ந்தன. பின்னர் நூறு ஏக்கர் தரிசின் நடுவே ஒரு குடும்பம் திரும்பிவந்து இரண்டு ஏக்கர் விதைக்கின்றது. சுற்றுவட்டாரத்தில் உள்ள அத்தனை சில்லைக்கும் பால்நெல் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். முன்பு நூறு ஏக்கரில் பரந்து விழுந்த கூட்டம் இப்போது இரண்டு ஏக்கரில் விழுகின்றது. ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்த நட்டத்தை ஒருவர் தனியே சுமக்கின்றார்.

ஆகவே இது குருவியின் குற்றம் மாத்திரம் அல்ல. பக்கத்து வயல் விதைக்கப்படாமல் இருப்பதன் குற்றம். பக்கத்து வயற்காரர் இன்னும் உறவினர் வளவில் குடிசையில் இருக்கலாம். அவரது காணி இன்னும் விடுவிக்கப்படாமல் இருக்கலாம். உறுதி தொலைந்து அலைந்துகொண்டிருக்கலாம். விதைநெல்லுக்குக் கடன் கிடைக்காமல் இருக்கலாம். அவர் திரும்பி விதைத்தால் உங்கள் வயலில் விழும் குருவி பாதியாகும். அயலவர் மீளக்குடியேறுவது அவருடைய பிரச்சினை என்று இருந்துவிடமுடியாது. அது நமது விளைச்சலின் பிரச்சினையும்கூட. இதைக் கமக்காரர் அமைப்புக் கூட்டங்களிலும் கமநல சேவை நிலையத்திலும் சொல்லவேண்டும்.

நஞ்சு யாரைக் கொல்கின்றது?

நஞ்சு கலந்த நெல்லைத் தூவுகிறவர் தம்மைக் கொடியவராக நினைப்பதில்லை. கடன்பட்டு விதைத்த பயிர் கண்முன்னே போவதைக் காணும் வேதனையில் செய்கிறார். அந்த வேதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த நெல்லைத் தின்பது சில்லை மட்டும்தானா? வளவுக் கோழியும் புறாவும் தின்கின்றன. செத்த குருவியைப் பூனையும் பருந்தும் தின்கின்றன. மழை பெய்தால் நஞ்சு வாய்க்காலில் இறங்குகின்றது. அந்த வாய்க்காலில் நம் பிள்ளைகள் மீன் பிடிக்கிறார்கள். பூச்சிநாசினியைப் பயிருக்குத் தெளித்தாலும் கேள்வி ஒன்றுதான்: பூச்சியோடு வேறு யார் சாகிறார்கள்?

உலகம் இதற்கு விலை கொடுத்துக் கற்ற பாடங்கள் உண்டு. 1958 இல் சீன அரசாங்கம் தானியம் தின்னும் குருவிகளை ஒழிக்க ஒரு பேரியக்கம் தொடங்கியது. மக்கள் தகரமும் பறையும் தட்டி, குருவிகளை இருக்கவிடாமல் துரத்தி, களைத்து விழச்செய்து கொன்றார்கள். குருவி குறைந்ததும் பூச்சி பெருகியது. இறந்த குருவிகளின் வயிற்றைப் பிளந்து பார்த்த அறிஞர்கள் அங்கே தானியத்தோடு பூச்சிகளும் இருப்பதைக் காட்டினார்கள். 1960 இல் குருவியை ஒழிப்புப் பட்டியலிலிருந்து நீக்கி, அதற்குப் பதிலாக மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அந்த ஆண்டுகளில் அங்கே வந்த கொடிய பஞ்சத்துக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமுடியாது. ஆனால் இதற்கும் அதில் பங்கு உண்டு.

இன்னொன்று 1995 – 1996 காலத்தில் ஆர்ஜென்ரீனாவில் நடந்தது. தத்துவெட்டியை அழிக்க மொனோகுரோட்டோபொஸ் என்னும் பூச்சிநாசினியைத் தெளித்தார்கள். வட அமெரிக்காவிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வந்திருந்த ஒருவகை வல்லூறுகள் ஆயிரக்கணக்கில் வயல்களிலே செத்துக் கிடந்தன. அவை அங்கே வந்தது அந்தத் தத்துவெட்டியைத் தின்பதற்குத்தான். கமக்காரரின் பக்கம் நின்ற கூலியில்லாத வேலையாளே செத்தது. அந்த நாசினியை நம் வயதான கமக்காரர் நன்கு அறிவர். மனித உயிரைப் பறித்த காரணத்தால் இலங்கை அதை 1995 இல் தடைசெய்தது.

நமக்கும் புதிய பூச்சிகள் வந்துகொண்டே இருக்கின்றன. 2018 இல் சேனாப் படைப்புழு சோளத்தில் புகுந்ததை மறக்கமுடியுமா? அறக்கொட்டியும் இலைச்சுருட்டியும் தண்டு துளைப்பானும் ஓய்ந்தபாடில்லை. எல்லாப் பூச்சியையும் குருவி தின்று தீர்க்கும் என்று நாம் சொல்லவரவில்லை. பூச்சி தின்னும் ஒரு கூட்டம் கூலியின்றி வந்து வேலை செய்யும்போது அதைக் கொல்லுவது புத்தியல்ல என்றே சொல்கின்றோம்.

செய்யக்கூடியவை

விதை தின்னும் குருவியிடமிருந்து நெல்லைக் காப்பது நமது உரிமை. அதை நஞ்சில்லாமல் செய்ய வழிகள் உண்டு.

ஒன்று, காவலுக்கு உரிய நாளை அறிதல். பூத்ததிலிருந்து அறுவடைவரை ஏறக்குறைய முப்பது நாள். இதில் பால்பிடித்து மணி இறுகும்வரை உள்ள முதற் பகுதியே மிகவும் ஆபத்தானது. காலையில் வெயில் ஏறும்வரையும், பிற்பகலில் வெயில் தாழ்ந்த பின்னும் குருவி அதிகமாக விழும். முழுநாளும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு மறித்து வயலில் நிறுத்தவேண்டியதில்லை. பெரியவர்கள் முறைவைத்து இந்த இரண்டு வேளையும் நின்றால் போதும்.

இரண்டு, அயலவரோடு சேர்ந்து விதைத்தல். ஒரே வயதுள்ள நெல்லை ஒரே கிழமையில் விதைத்தால் கதிரும் ஒன்றாக வரும். முந்தி விளைந்த வயலும் பிந்தி விளைந்த வயலுமே முழுத் தாக்கத்தையும் சுமக்கின்றன. குளத்துக் கூட்டத்தில் நீர் திறக்கும் திகதியோடு விதைப்புத் திகதியையும் தீர்மானிப்பதன் பயன் இதிலும் உண்டு.

மூன்று, வயலுக்குள்ளும் வரம்பிலும் புல் விதைக்கும் முன்னரே வெட்டுதல். வரம்பில் பழுத்த புல்விதை குருவியை அழைத்துவந்து நெல்லைக் காட்டிக் கொடுக்கும்.

நான்கு, வெருளியை நாளுக்கு நாள் இடம்மாற்றுதல். அசையாத வெருளியைக் குருவி மூன்று நாளில் அறிந்துகொள்ளும். பழைய ஒலிநாடாவை முறுக்கி இழுத்துக் கட்டினால் காற்றில் இரையும், வெயிலில் மினுங்கும். தகரமும் மணியும் இடையிடையே மாற்றப்பட்டால் பயன் கூடும்.

ஐந்து, வாடையோடு வருபவை வந்து இருக்க இடம்விடுதல். வயலோரத்தில் நாலு கதியாலோ தடியோ நின்றால் கீச்சானும் பஞ்சுருட்டானும் அதில் இருந்து வேட்டையாடும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். குருவி பார்க்கவோ கூடு தேடவோ, வெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத பற்றைகளுக்குள்ளும் கைவிடப்பட்ட காவலரண்களுக்குள்ளும் எவரும் போகக்கூடாது. வரம்பிலும் வேலியிலும் வீதியோரக் கம்பியிலும் காணக்கூடியவையே போதும்.

பெயரும் ஒரு முதுசம்

லெக் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி 1878 முதல் 1880 வரை வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய பெருநூலில், பல பறவைகளுக்கு வழங்கிய தமிழ்ப் பெயர்களையும் எழுதிவைத்தார். அந்தப் பெயர்களை அவர் எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்திருக்க முடியும்? நம் பாட்டன் பாட்டிமாரின் வாயிலிருந்து கிடைத்தவைதான் அவை. வயலும் குளமும் காடும் அறிந்த மக்கள் ஒவ்வொரு குருவிக்கும் குரலையும் நடையையும் பார்த்துப் பெயர் வைத்திருந்தார்கள்.

இன்று நம் பிள்ளைகளுள் பலர் அந்தப் பெயர்களை அறியார். அது அவர்கள் குற்றமல்ல. நலன்புரி நிலையத்தின் தறப்பாள் கொட்டிலில் பிறந்த பிள்ளைக்கு எந்த வரம்பில் நின்று எந்தக் குருவியைக் காட்டுவது? ஒரு தலைமுறை வயலைவிட்டு நின்றதால், மண்வெட்டி பிடிக்கும் பழக்கத்தோடு இந்த அறிவும் அறுந்துபோயிற்று. காணி திரும்பக் கிடைக்கும்போது உறுதியும் எல்லைக்கல்லும் கிடைக்கலாம். அந்த மண்ணில் யார் நண்பன், யார் கள்ளன் என்ற அறிவை எந்தக் கந்தோரும் எழுதித் தராது. அதைத் தரக்கூடியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கும் முதியவர்களே. அவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்துவருகிறார்கள்.

ஆகவே ஒரு சிறு வேலையை எல்லாக் கிராமங்களிலும், இன்னும் தற்காலிக இருப்பிடங்களில் வாழ்வோர் மத்தியிலும் தொடங்குமாறு கேட்கின்றோம். ஒரு கொப்பி எடுங்கள். ஐப்பசி தொடங்கிச் சித்திரை வரை, உங்கள் அயலில் காணும் குருவிகளைப் பிள்ளைகள் எழுதட்டும்: கண்ட நாள், சொண்டின் அமைப்பு, எங்கே இருந்தது, என்ன தின்றது. பெயர் தெரியாவிட்டால் ஆச்சியிடமும் அப்புவிடமும் கேட்டு எழுதட்டும். முதல் வாலாட்டி வந்த நாளையும் கடைசித் தகைவிலான் போன நாளையும் குறிக்கட்டும். இரண்டு மூன்று போகம் இப்படி எழுதினால், உங்கள் வயலில் நெல்லைத் தின்பது எது, பூச்சியைத் தின்பது எது என்று வெளியார் எவரும் வந்து சொல்லவேண்டிய தேவை இராது. கொழும்பில் இலங்கைப் பறவைக் கழகம் 1943 முதலும், கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த களப் பறவையியல் குழு 1976 முதலும் பறவைகளைப் பதிவுசெய்து வருகின்றன. ஆனால் உங்கள் வயலின் வரம்பில் ஒவ்வொரு நாளும் நிற்பவர்கள் நீங்களே. உங்கள் கண்ணுக்கு ஈடான பதிவு வேறில்லை.

அடுத்த தையில் கதிர் வளையும்போது, கல்லை எடுக்கும் கை ஒரு கணம் நிற்கட்டும். கண் முதலில் சொண்டைப் பார்க்கட்டும். கூம்புச் சொண்டானால் தகரத்தைத் தட்டித் துரத்துங்கள். உழைப்பைக் காப்பது நியாயம். ஊசிச் சொண்டானால் விட்டுவிடுங்கள். அது வெகுதூரத்திலிருந்து உயிர் பிழைக்க வந்தது. வந்த இடத்தில் யாருடைய சோற்றையும் பறிக்காமல் தன் பாட்டைப் பார்த்துவிட்டு, காலம் வந்ததும் தன் ஊருக்குத் திரும்பிவிடும்.